கால்வாய்க் கரையில் சைக்கிள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

தாமிரபரணிப் பாசனக் கால்வாய்களின் கரையோடு சைக்கிளில் போவது பற்றிச் சென்ற இதழில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பொதுப்பணித் துறையின் பாசனப் பிரிவில் இருந்த காலமெல்லாம் வேலைக்காக இந்தக் கரைகளில் சைக்கிள் மிதித்தவன் நான். இப்போது ஆசைக்காக மிதிக்கிறேன். தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

புதிதாக கிராவல் பைக் (மண், சரளைப் பாதைக்கென்று அகல டயர் போட்ட சைக்கிள்) வாங்கியிருக்கிறேன். டயர் 40 மில்லிமீட்டர். பாபநாசத்தில் தொடங்கி தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயல் வரை, முடிந்தவரை மண் பாதையிலேயே இரண்டு நாளில் போக ஆசை. மேப்பில் பார்த்தால் ஆற்றங்கரையில் தொடர்ச்சியாகப் பாதையே காணோமே?
– வாசகர், பெங்களூரு

தாராளமாகப் போகலாம் தம்பி. ஆனால் ஆற்றங்கரையில் பாதை தேடாதீர்கள், கிடைக்காது. ஆற்றின் விளிம்பு வரை வயலும் தோப்பும் இருக்கிறது. மீதி இடத்தில் சீமைக்கருவேலம். நடுநடுவே மணிமுத்தாறு, பச்சையாறு என்று துணையாறுகள் வந்து சேர்கிற இடத்தில் வழியும் அறுந்துவிடும். நீங்கள் தேட வேண்டியது கால்வாய்க் கரை.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியில் சொன்ன ஸ்ரீவைகுண்டம் மட்டும் 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷார் கட்டியது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. ஒவ்வொரு அணைக்கட்டிலிருந்தும் கால்வாய் பிரிந்து, வழியில் குளம் குளமாக நிரப்பிக்கொண்டு போகிறது. அணைக்கட்டில் எடுத்த தண்ணீரின் மட்டத்தைக் கூடுமானவரை இழக்காமல் கொண்டுபோனால்தான் கடைசிக் குளத்துக்கும் பாயும். அதனால் கால்வாய் மேட்டில் ஏறாது, பள்ளத்தில் இறங்காது. நிலம் வளைகிற பக்கமெல்லாம் தானும் வளைந்து, ஒரே சீராக, கண்ணுக்குத் தெரியாத சரிவில் போகும். அதன் கரையில் சைக்கிள் ஓட்டுகிறவருக்கும் அதே சரிவுதான். அம்பாசமுத்திரமே கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்குள்தான் இருக்கிறது. அங்கிருந்து கடல் வரை மூச்சு வாங்க வைக்கிற ஏற்றம் என்று எதுவும் கிடையாது.

இரண்டு கரையில் எந்தக் கரை என்பது அடுத்த விஷயம். கால்வாயின் மேட்டுப் பக்கம் பெரும்பாலும் இயற்கையான தரைதான். புதரும் பாறையுமாக இருக்கும். ஆற்றைப் பார்த்த பக்கம்தான் மண் கொட்டி உயர்த்திக் கட்டிய கரை. மடைகளும், கால்வாய்த் தண்ணீர் பாய்கிற ஆயக்கட்டு வயல்களும் அந்தப் பக்கம்தான். லஸ்கர் (கால்வாயையும் மடைகளையும் பார்த்துக்கொள்கிற பாசன ஊழியர்) நடக்கவும், தூர்வாரும் இயந்திரம் போகவும் அந்தக் கரையைத்தான் அகலமாக விட்டிருப்பார்கள். ஆகவே சந்தேகம் வந்தால் ஆற்றுப் பக்கக் கரையைப் பிடியுங்கள்.

முதல் நாள் பாபநாசத்தில் கோவில் படித்துறையிலிருந்து கிளம்பி விக்கிரமசிங்கபுரம் வழியாக அம்பாசமுத்திரம் வரை தார்ச்சாலையில் வந்துவிடுங்கள். அந்த பத்து கிலோமீட்டரில் மண் பாதைக்கு ஆசைப்பட வேண்டாம். பாலம் தாண்டி கல்லிடைக்குறிச்சிக்கு வந்ததும் கன்னடியன் கால்வாய். இந்தப் பள்ளத்தாக்கில் எனக்கு ரொம்பப் பிடித்த கரை இதுதான். இடதுபுறம் நெல் வயல், அதற்கப்பால் ஆறு, வலதுபுறம் மேற்குத் தொடர்ச்சி மலை. செம்மண்ணும் சரளையும் கலந்து இறுகின தரை. உங்கள் 40 மில்லிமீட்டர் டயருக்கென்றே போட்டது மாதிரி இருக்கும்.

இந்தக் கால்வாய்க்கு ஒரு கதை உண்டு. கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவர், தர்மமாக ஒரு கால்வாய் வெட்ட நினைத்தாராம். எந்த வழியாக வெட்டுவது என்று தெரியவில்லை. ஒரு பசுவை முன்னால் நடக்கவிட்டு, அது போன வழியில் கால்வாய், சாணம் போட்ட இடத்தில் மடை, படுத்த இடத்தில் குளம் என்று வெட்டினார்களாம். வரலாறாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் மேய்கிற மாடு செங்குத்தாக ஏறாது, சரிவை ஒட்டிச் சுற்றித்தான் நடக்கும் என்பதைக் கவனித்த யாரோதான் இந்தக் கதையைக் கட்டியிருக்க வேண்டும். கரையில் நாலு வளைவு திரும்பினால் உங்களுக்கே நம்பத் தோன்றும்.

வீரவநல்லூர், காருகுறிச்சி தாண்டி சேரன்மகாதேவி வரை பல இடங்களில் இந்தக் கால்வாயும் அதன் குளக்கரைகளுமாகவே போய்விடலாம். நடுவில் கரை மறைந்தால் பதறாமல் அடுத்த ஊர்ச்சாலைக்கு இறங்கி, அடுத்த பாலத்தில் மறுபடி ஏறிக்கொள்ளுங்கள். பத்தமடையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கோரைப் பாய் நெய்கிறவர்களின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகலாம். ஆற்றோரம் வளர்கிற கோரையை ஊறவைத்துக் காயப்போட்டு மெல்லிசாகக் கிழித்து நெய்கிறார்கள். பட்டுப் பாய் என்று சொல்கிற உயர்ந்த ரகத்தைக் கையில் வாங்கி மடித்துப் பாருங்கள், துணி மாதிரி மடியும். அங்கிருந்து மேலச்செவல், தருவை. இந்தப் பக்கம் பாளையங்கால்வாய் வரும். மேலப்பாளையம் நெருங்குவதற்கு முன்பே அதை விட்டு விலகிவிடுங்கள். ஊருக்குள் நுழைந்ததும் குப்பையும் சாக்கடையும் சேர்ந்து, பார்த்தால் மனசு கஷ்டப்படும். இரவு திருநெல்வேலியில் தங்கல்.

இரண்டாம் நாள் விடிவதற்குள் புறப்படுங்கள். பாளையங்கோட்டையிலிருந்து செய்துங்கநல்லூர், கருங்குளம் வழியாக ஸ்ரீவைகுண்டம். மருதூர் மேலக்கால் என்கிற கால்வாயின் கரை இந்தப் பகுதியில்தான். ஸ்ரீவைகுண்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஆதிச்சநல்லூர். ஆற்றின் தென்கரையில், விவசாயத்துக்கு உதவாத அந்தப் பரம்பு மேட்டில்தான் முதுமக்கள் தாழிகளைப் புதைத்திருக்கிறார்கள். நல்ல வண்டல் நிலத்தை உயிரோடிருப்பவர்களுக்கு விட்டுவிட்டு, சரளை மேட்டை இறந்தவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அகழாய்வுக் குழிகளை அப்படியே வைத்து மேலே கண்ணாடி பதித்திருக்கும் இடத்தை 2023-இல் திறந்தார்கள். சைக்கிளை நிறுத்திவிட்டு நின்று நிதானமாகப் பாருங்கள்.

ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர், ஆத்தூர். ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவில் போகிற வாய்க்கால் வரப்புகள் குறுகல். அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும், அகத்தி நிழலில் தள்ளுவதும் சுகம்தான். அதற்குப் பிறகு உப்பளம், அப்புறம் புன்னைக்காயல், அதோடு தரை முடிந்தது. மொத்தம் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். நல்ல சாலையில் ஒரே நாளில் முடிக்கிற தூரம்தான். கரையில் இரண்டு நாள் வேண்டும், மூன்று கிடைத்தால் இன்னும் நல்லது.

என்னிடம் இருப்பது அப்பா வைத்திருந்த பழைய கறுப்புச் சைக்கிள். லட்ச ரூபாய் பைக் இல்லாமல் இந்தப் பாதையில் வர முடியாதா?
– வாசகி, மதுரை

முடியும் அம்மா, சந்தேகமே வேண்டாம். அந்தப் பழைய சைக்கிளின் டயரில் 28 × 1½ என்று எழுதியிருக்கிறதா, பாருங்கள். ஒன்றரை அங்குலம் என்றால் சுமார் 38 மில்லிமீட்டர். இன்றைக்கு கிராவல் பைக்குக்கு என்று விற்கிற டயரின் அகலமும் ஏறக்குறைய அதுதான். பால்காரரும் தபால்காரரும் லஸ்கரும் இதே கரையில் அந்த டயரில்தான் போனார்கள். உட்காரும் வாக்கும் நிமிர்ந்து இருக்கும், முதுகு வலிக்காது.

மூன்று வேலை மட்டும் செய்யுங்கள். டயர், டியூப் இரண்டையும் மாற்றுங்கள். பழைய ரப்பர் பக்கவாட்டில் வெடித்திருக்கும். பிரேக் கட்டையை மாற்றி, கம்பி பிரேக் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பிடிக்கிறதா என்று பாருங்கள். பின் சக்கரத்துக் கம்பிகளை ஒரு நல்ல கடையில் இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். பிறகு காற்று: கல் மாதிரி அடிக்கச் சொல்லாதீர்கள். கட்டை விரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும். சரளையில் கெட்டியான டயர் துள்ளும், கை மரத்துப்போகும்.

(பெங்களூருத் தம்பிக்கும் சேர்த்து: எழுபது கிலோ எடைக்கு 40 மில்லிமீட்டர் டியூப் டயரில் நாற்பது பிஎஸ்ஐ பக்கம் வைத்துப் பாருங்கள். டியூப் இல்லாத டயர் என்றால் இன்னும் ஐந்து குறைக்கலாம்.)

எந்த மாதம் வரலாம்?
– கல்லூரி மாணவர், திருச்சி

இதற்குப் பதிலைத் தண்ணீரிடமும் காற்றிடமும் கேட்க வேண்டும்.

இங்கே கார், பிசானம் என்று இரண்டு போகம். தென்மேற்குப் பருவமழை மலையில் பெய்து, வழக்கமாக ஜூனில் காருக்குத் தண்ணீர் திறப்பார்கள். வடகிழக்குப் பருவமழையை நம்பி பிசானம். அது மாசி, பங்குனி அறுவடை வரை போகும். ஏப்ரல், மே இரண்டு மாதமும் கால்வாய் பெரும்பாலும் காய்ந்து கிடக்கும், தூர்வாருவதும் அப்போதுதான். அள்ளிய சேற்றைக் கரைமேல் கொட்டியிருப்பார்கள். வெயிலும் தாங்காது. அந்த இரண்டு மாதத்தை விட்டுவிடுங்கள்.

ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று அடிக்கும். அம்பையிலிருந்து (அம்பாசமுத்திரத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம்) கிழக்கே போகிறவனுக்கு அது முதுகில் கை வைத்துத் தள்ளும். எதிர்த்திசையில் வந்தீர்களோ, சமதரையிலேயே மலை ஏறுகிற பாடுதான். ஆகவே இந்த மாதங்களில் கட்டாயம் மேற்கிலிருந்து கிழக்கு. கரையோரம் நாற்று நடுகிற காலம், வெயிலும் மேகமும் மாறி மாறி இருக்கும், எப்போதாவது சாரல் விழும்.

என்னைக் கேட்டால் ஜனவரி, பிப்ரவரி. மழை ஓய்ந்து கரை காய்ந்து இறுகியிருக்கும். கால்வாயில் தண்ணீர் ஓடும், வயல் பச்சையாக இருக்கும், காலையில் லேசான பனி. பிப்ரவரிக் கடைசியில் அறுவடை தொடங்கினால் ஊர்ச்சாலையெல்லாம் நெல் காய்ந்துகொண்டிருக்கும். அதன்மேல் சக்கரத்தை ஏற்றாதீர்கள், இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போங்கள்.

நவம்பர், டிசம்பரில் வர வேண்டாம் என்றே சொல்வேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலே நகர முடியாமல் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றது. குளங்கள் உடைந்தன. அப்படி உடைந்து அடைத்த கரைகளில் கொட்டிய மண்ணும் மணலும் பழைய கரை மாதிரி இறுகப் பல வருஷம் பிடிக்கும். ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே கரையின் நிறம் திடீரென்று மாறினால் வேகத்தைக் குறையுங்கள், முன்சக்கரம் புதையும்.

தனியாக வர நினைக்கிறேன். பெண் ஒருத்தி கால்வாய்க் கரையில் தனியே போவது சரிப்படுமா?
– வாசகி, நாகர்கோவில்

பகலில் கன்னடியன் கால்வாய்க் கரை ஆளரவம் இல்லாத இடமே இல்லை சகோதரி. காலையில் வயலுக்குப் போகிற பெண்கள், துவைக்க வருகிறவர்கள், மாடு பத்திக்கொண்டு போகிற பாட்டிகள் என்று யாராவது கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பார்கள். நின்று ஒரு வார்த்தை பேசினால் அடுத்த ஊர் வரைக்கும் வழி சொல்வார்கள், மோரும் கொடுப்பார்கள். ஆள் குறைகிறது என்று நான் நினைப்பது செய்துங்கநல்லூருக்குக் கிழக்கே, கருவேலம் அடர்ந்த பெரிய குளக்கரைகளில்தான். அங்கே இன்னொருவர் துணை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அந்தத் துண்டை மட்டும் சாலையில் கடந்துவிடுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் யாராக இருந்தாலும் கரையை விட்டு இறங்கிவிட வேண்டும். இருட்டில் கரை விளிம்பும் தெரியாது, பாம்பும் தெரியாது.

உங்கள் கடிதத்தை வைத்து மற்றவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். படித்துறையில் பெண்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள். கரைப் பாதை பல இடங்களில் படித்துறைக்கு மேலேயே போகும். ஐம்பது அடி முன்னாலேயே மணி அடியுங்கள். அடித்துவிட்டு நில்லுங்கள். அவர்கள் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு "போ தம்பி" என்றால் பார்வையை எதிரே வைத்துக்கொண்டு போய்விடுங்கள். தலைக்கவசத்தில் கேமரா மாட்டியவர்கள் அதைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட வேண்டும். அணைத்துவிட்டேன் என்று நீங்கள் சொல்வது குளிக்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? இந்த ஒரு விஷயத்தில் தவறினால் அந்த ஊர் வழியாக அடுத்து வரும் யாரையும் நம்ப மாட்டார்கள்.

பாபநாசத்துக்கு மேலே காரையாறு வரை சைக்கிளில் ஏறலாமா?
– வாசகர், சென்னை

வேண்டாம். சோதனைச் சாவடிக்கு மேலே களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம். அது வனத்துறையின் அனுமதிக்கும் நேரத்துக்கும் உட்பட்ட இடம். சைக்கிளுக்குக் கீழே வேண்டிய மட்டும் பாதை இருக்கிறது.

முள்ளுக்கு என்ன வழி? போன முறை வந்தபோது ஒரே நாளில் மாற்றி மாற்றிப் பஞ்சர்.
– வாசகர், கோவில்பட்டி

இரண்டு முள். ஒன்று நெருஞ்சி, மழை முடிந்த பிறகு கரை ஓரத்தில் படர்ந்து மஞ்சள் பூ பூத்திருக்கும், காய்ந்ததும் அதன் காய்தான் டயரில் ஏறும். கரையின் நடுவில் மாட்டு வண்டித் தடத்துக்குள்ளேயே போனால் பெரும்பாலும் தப்பிக்கலாம். நிழலுக்காக ஓரம் ஒதுங்கி நிறுத்தும்போதுதான் மாட்டிக்கொள்வோம். இன்னொன்று சீமைக்கருவேல முள். அதை வெட்டிப் போட்ட இடத்தைத் தாண்டும்போது சைக்கிளைத் தூக்கிக்கொள்ளுங்கள், கூச்சப்பட ஒன்றும் இல்லை. அந்த முள் டயரில் ஏறினால் உடைந்து நுனி உள்ளேயே தங்கிவிடும். டியூபை மாற்றுவதற்கு முன் டயரின் உட்புறத்தைத் துணியால் ஒரு சுற்றுத் துடைத்துப் பாருங்கள். துணி சிக்குகிற இடத்தில் முள் இருக்கிறது. அதைப் பிடுங்காமல் புது டியூப் போட்டால் அடுத்த ஃபர்லாங்கில் மறுபடி இறங்க வேண்டியதுதான். ஒரே நாளில் உங்களுக்கு அத்தனை பஞ்சர் ஆனது அதனாலாகவும் இருக்கலாம்.

டயருக்குள் ஊற்றுகிற பசைத் திரவம் நெருஞ்சிக்கு நன்றாகவே வேலை செய்கிறது. கருவேல முள்ளுக்குப் பாதிதான்.

அண்ணாச்சி, நீங்கள் சென்ற இதழில் கால்வாய்க் கரைக்குத் தார் போட வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வயலுக்குப் போகிற வழி அந்தக் கரைதான். மழைக்காலத்தில் சகதியில் உரமூட்டையைத் தலையில் சுமந்து போகிறோம். வெளியூரிலிருந்து சைக்கிளில் வருகிறவர்களுக்காக நாங்கள் சகதியில் நடக்க வேண்டுமா?
– விவசாயி, கருங்குளம் வட்டாரம்

வந்த கடிதங்களில் இதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். சைக்கிளில் வருகிறவர்களுக்காக நீங்கள் ஒரு நாள்கூடச் சகதியில் நடக்கக் கூடாது. வயலுக்கு வழி வேண்டும் என்பது முதல் நியாயம். அதற்குப் பிறகுதான் எங்கள் ஆசை.

நான் தார் வேண்டாம் என்றதற்குக் காரணம் சைக்கிள் இல்லை, கரை. மண் கரை சும்மா கொட்டி வைத்த மண் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். நனையும்போது உப்பி, காயும்போது சுருங்கி, பாரம் ஏறும்போது அமுங்கிக் கொடுக்கும். அதன்மேல் ஒரு கெட்டித் தகட்டைப் போட்டால், கீழே மண் அமுங்கினாலும் மேலே தெரியாது. அடியில் பொந்து விழுந்திருந்தாலும் தெரியாது. தெரிகிற அன்றைக்கு டிராக்டர் டயரோடு உள்ளே இறங்கியிருக்கும். மழைத் தண்ணீரும் தார் விளிம்பில் சேர்ந்து ஓடி, கரைச் சரிவை வாய்க்கால் மாதிரி அரித்துவிடும். சாலை அகலமாகி நல்லதானால் கனரக லாரியும் வரும். கரை அதற்குப் போட்டது இல்லை.

அதே சமயம் சகதியும் தலைவிதி இல்லை. கரையின் தலைப்பைக் கால்வாய்ப் பக்கம் சற்று உயர்த்தி, தண்ணீர் வயல் பக்கம் வடிகிற மாதிரி சரிவு கொடுத்து, நல்ல கிராவல் மண்ணை அடுக்காகக் கொட்டி, ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டி இறுக்கினால், மழைக்காலத்திலும் மூட்டையோடு வண்டி போகும். அடுக்காக இறுக்காமல் மொத்தமாகக் கொட்டிப் பரப்பிவிட்டுப் போகிற இடத்தில்தான் அடுத்த மழையில் முழங்கால் சகதி. மடைக்குப் பக்கத்தில் மட்டும், மூட்டை இறக்கி ஏற்றுகிற இடத்தில், கல் பாவிக் கொடுக்கலாம். இதையெல்லாம் மனுவில் இப்படியே விவரமாக எழுதிக் கேளுங்கள். 'சாலை வசதி வேண்டும்' என்று மட்டும் எழுதினால் தார் வரும், இல்லை என்றால் ஒன்றும் வராது.

சைக்கிளில் வருகிறவர்களால் உங்களுக்கு ஏதாவது பிரயோசனம் உண்டா என்று கேட்டால், ஒன்று உண்டு. அதை அவர்களுக்கே இங்கே சொல்லிவிடுகிறேன்.

கரையின் வயல் பக்கச் சரிவைப் பார்த்துக்கொண்டே மிதியுங்கள். நண்டு, எலி வளை தோண்டும். கால்வாயில் தண்ணீர் ஏறியதும் அந்த வளை வழியாக வயல் பக்கம் கசிவு வரும். சரிவின் அடியில் வெயில் நாளிலும் ஓர் இடம் மட்டும் நனைந்து, புல் அங்கே மட்டும் கரும்பச்சையாக இருந்தால் இறங்கிப் போய்ப் பாருங்கள். கசிகிற தண்ணீரைக் கையில் ஏந்துங்கள். தெளிவாக இருந்தால் அவசரம் இல்லை, மண் கரை என்றால் கொஞ்சம் கசியும். கலங்கலாக இருந்தால் அது கரையின் மண்ணை உள்ளிருந்தே கொண்டுவந்து வெளியே கொட்டுகிறது என்று அர்த்தம். வளை பெரிதாகிக்கொண்டே போகும், பெரிதாகப் பெரிதாக வேகமும் கூடும். உடைந்த கரைகளில் எத்தனையோ, முதலில் விரல் நுழைகிற துவாரமாகத்தான் தொடங்கியிருக்கும். உடனே பக்கத்து வயலில் இருப்பவரிடம் சொல்லுங்கள். மடையில் லஸ்கர் இருந்தால் அவரிடம் சொல்லுங்கள். இடத்துக்கு அடையாளமாக மடையின் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மடைக்கும் ஊரில் ஒரு பெயர் உண்டு, உங்கள் போன் காட்டுகிற எண்களைவிட அது சீக்கிரம் ஆளைக் கொண்டுவந்து சேர்க்கும்.

ஒரு காலத்தில் லஸ்கர்கள் தினமும் கரை நெடுக நடந்து பார்த்த வேலை இது. இப்போது ஒருவர் பார்க்க வேண்டிய தூரம் அதிகமாகிவிட்டது. கரையில் கண்ணோடு போகிற ஆள் ஒருவர் கூடினாலும் நல்லதுதான். ஷட்டரைத் திருகிப் பார்ப்பது, மதகு மேடையில் ஏறிப் படம் எடுப்பது, வயலில் டயர் கழுவுவது, இதெல்லாம் செய்கிறவர்கள் வர வேண்டாம். அப்படி யாராவது வந்தால் தயங்காமல் கண்டித்து அனுப்புங்கள் அண்ணாச்சி.

பத்து வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டு ஒரு காலை வேளை மட்டும் போய்வர எது நல்ல இடம்?
– வாசகர், திருநெல்வேலி

ஓடுகிற கால்வாயின் கரைக்குச் சிறுவர்களைக் கூட்டிப்போகாதீர்கள். சிமெண்டு பூசிய பக்கச் சுவரில் விழுந்தால் பிடித்து ஏறப் பிடிமானம் இருக்காது, பெரியவர்களுக்கே கஷ்டம். அதற்குப் பதில் முக்கூடல் பக்கம் போய்த் திருப்புடைமருதூருக்கு ஊர்ச்சாலையிலும் தோப்புப் பாதையிலும் கூட்டிப்போங்கள். கடனாநதி தாமிரபரணியில் சேர்கிற இடம். ஊர் மரங்களிலெல்லாம் கொக்கும் நாரையும் கூடு கட்டும். ஊர் மக்களே பறவைகளைக் காப்பாற்றி வந்ததால் 2005-இல் அதைப் பறவைகள் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். குஞ்சு பொரிக்கிற மாதங்களில் மரத்தடியில் சைக்கிளை நிறுத்தினால் இருக்கை வெள்ளையாகிவிடும், தள்ளி நிறுத்துங்கள். நாறும்பூநாதர் கோவில் ராஜகோபுரத்துக்குள் இருக்கும் ஓவியங்களையும் மரச் சிற்பங்களையும் பார்க்க முடிந்தால் விடாதீர்கள். பையனுக்குக் கோபுரத்தின் உள்ளே ஏறிய அனுபவம் சைக்கிளைவிட நினைவில் நிற்கும்.

குளத்தங்கரையில் போகிறபோது, மிஞ்சிய தண்ணீர் வழிந்து வெளியேறுகிற கலிங்கைக் கவனியுங்கள். குளம் நிறைந்து மறுகால் பாய்கிற நேரத்தில் கணுக்கால் தண்ணீர்தானே என்று அதன் தளத்தில் சைக்கிளை விட்டால், பாசியில் வழுக்கி அந்தப் பக்கம் விழ வேண்டியதுதான். சிறுவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மறுகால் பாயும்போது திரும்பிவிடுவதே நல்லது.

வழியில் சாப்பாடு?
– வாசகர், ஈரோடு

அம்பாசமுத்திரத்திலும் சேரன்மகாதேவியிலும் காலை ஏழு மணிக்கெல்லாம் இட்லி கிடைக்கும். பத்து மணிக்கு மேல் கரையில் ஒன்றும் கிடையாது, கடைக்கு ஊருக்குள் இறங்க வேண்டும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம். சித்திரை நெருங்கும்போது வந்தால் கருங்குளத்துக்குக் கிழக்கே பனையடியில் பதநீர் கிடைக்கும், காலையிலேயே குடித்துவிடுங்கள். தை மாதம் என்றால் அவித்த பனங்கிழங்கு. கல்லிடைக்குறிச்சி அப்பளத்தைத் திரும்பி வரும்போது வாங்குங்கள். போகும்போது வாங்கினால் சரளையில் நொறுங்கிவிடும்.

சைக்கிளை ரயிலில் கொண்டுவர முடியுமா?
– வாசகர், விருதுநகர்

திருநெல்வேலிக்கு முடியும். பார்சல் அலுவலகத்தில் லக்கேஜாகப் பதிவு செய்து, உங்கள் ரயிலிலேயே சரக்குப் பெட்டியில் ஏற்றலாம். பதிவுக்கு நேரம் பிடிக்கும், முன்கூட்டியே போய்விடுங்கள். பெடலைக் கழற்றி, கைப்பிடியைத் திருப்பி, பின் கியரை அட்டையால் சுற்றிக் கட்டுங்கள். செங்கோட்டைப் பாதையிலும் திருச்செந்தூர்ப் பாதையிலும் இருக்கும் சின்ன ஸ்டேஷன்களில் ரயில் ஒன்றிரண்டு நிமிஷம்தான் நிற்கும். அங்கே சைக்கிளை ஏற்றி இறக்கலாம் என்று திட்டம் போட வேண்டாம். திருநெல்வேலியில் இறக்கி, சாயங்காலமே அம்பைக்கு மிதித்துப் போய்த் தங்கிவிட்டு, மறுநாள் காலையில் பாபநாசத்தில் தொடங்குவதுதான் சௌகரியம். ஜூனிலிருந்து ஆகஸ்டுக்குள் வந்தால் மட்டும் அதையும் செய்யாதீர்கள். மேல்காற்று எதிரே நிற்கும். அம்பை வரை ஒரு சிறிய லோடு ஆட்டோவைப் பிடித்துவிடுங்கள்.